இல்லத்தரசியின் ஆண்டு வருமானம்

போன வாரம் அம்மாவுக்கு ஒரு வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். ‘தொழில்’ என்ற கட்டத்தில் இல்லத்தரசி என்று எழுதினேன். அதற்குக் கீழே ‘ஆண்டு வருமானம்’. “இல்லைன்னு போடுடா” என்றார் அம்மா, வெகு சாதாரணமாக. மேல் வரியில் அரசி, கீழ் வரியில் காலணா இல்லை. பேனாவை வைத்துவிட்டு அந்த இரண்டு கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் ‘இல்’ என்றால் வீடு. இல்லாமைக்கும் அதே ‘இல்’தான். வீட்டுக்கு உரியவள் இல்லாள். ஆனால் இல்லான் என்றால் வீட்டுக்காரன் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, கையில் காசில்லாதவன் என்றுதான் பொருள். ‘இல்லானை இல்லாளும் வேண்டாள்’ என்று நல்வழியில் ஔவையார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் போட்டு உடைக்கிறார். ‘மனைவி’யும் மனையிலிருந்து வந்தவள்தான். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வீடு இருக்கிறது, கணவனைக் காணோம்!

எனக்குப் பிடித்த சொல் கிழத்தி. சிரிக்காதீர்கள், வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தலைவனைக் கிழவன் என்றும் தலைவியைக் கிழத்தி என்றும்தான் தொல்காப்பியம் சொல்கிறது. கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை இல்லையா, அதே கிழமை. அப்படியென்றால் கிழத்தி, உரிமை உடையவள். காலப்போக்கில் கிழவன் தாத்தாவாகிவிட்டான். கிழத்தி பேச்சு வழக்கிலேயே இல்லை. அந்த இடத்தில் இப்போது இல்லத்தரசி உட்கார்ந்திருக்கிறாள். கேட்க இனிப்பான சொல்தான். எனக்கென்னவோ உரிமையை வாங்கி வைத்துக்கொண்டு கிரீடத்தைக் கொடுத்தது போலத்தான் இருக்கிறது.

வள்ளுவர் அரசி என்றெல்லாம் சொல்லவில்லை, ‘வளத்தக்காள்’ என்கிறார். கணவனின் வருவாய்க்குத் தக்கபடி குடும்பத்தை நடத்துகிறவள். வருவாய் அவனுடையது என்பது அதிலும் இருக்கிறது, சரி. ஆனால் வேலை என்னவென்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார். எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் பால் வராத நாளுக்குச் சுழி, சிலிண்டர் மாற்றிய தேதிக்கு ‘சி’, சீட்டுப் பணம் கட்டியாயிற்று என்றால் ஒரு டிக். இருபது வருடமாக அந்தக் கணக்கு தப்பியதில்லை. இதற்குப் பெயர் நிர்வாகம். ஆங்கிலத்தில் எகனாமிக்ஸ் என்கிறார்களே, அதன் கிரேக்க மூலத்துக்கே வீட்டு நிர்வாகம் என்றுதான் பொருள். அந்தப் படிப்பு வளர்ந்து பெரிதானதும், சம்பளமில்லாத வீட்டு வேலையை நாட்டின் உற்பத்திக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டது. 2019இல் இந்தியா முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது சராசரியாக நாளுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97. அந்த 97ஐக்கூட எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

2023இல் உச்ச நீதிமன்றம் ஒரு கையேடு வெளியிட்டு, ஹவுஸ்வைஃப் வேண்டாம், ஹோம்மேக்கர் என்று எழுதுங்கள் என்றது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அதே வருடம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதுதான்: கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு. அந்தச் செப்டம்பரில்தான் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தர ஆரம்பித்தது. உதவித் தொகை என்று வைக்காமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். தொகை போதுமா என்று சண்டை போடலாம், பெயரில் எனக்குக் குறை இல்லை.

அம்மாவுக்கும் அது வருகிறது. சட்டென்று ஞாபகம் வந்து, “வருஷத்துக்கு 12,000 வருதேம்மா, அதை வருமானம்னு போடட்டுமா?” என்றேன்.

“அது எப்படிடா வருமானமாகும்? அது உரிமைத் தொகை” என்றார்.

‘இல்லை’ என்றே எழுதிக் கொடுத்தேன்.