மரத்திலிருந்து விழுந்த இகுவானாவும் என் கல்நெஞ்சும்

எங்கள் மயாமி தமிழ் வாட்ஸ்அப் குழுவில் குளிர் நாளில் ஒரு சண்டை. குழுவில் இருக்கும் அக்கா ஒருவர், வாசலில் விறைத்துக் கிடந்த பெரிய பச்சை இகுவானாவை, அதாவது ஓணான் மாதிரி இருக்கும் ஒரு பெரிய பல்லியை, பழைய துண்டில் சுற்றி, கராஜுக்குள் வைத்துப் படம் போட்டிருந்தார். கீழே வரிசையாக இதயங்கள். "புண்ணியம் அக்கா", "உங்களை மாதிரி நாலு பேர் இருக்கறதாலதான் மழை பெய்யுது" என்றெல்லாம். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அது முழிச்சுதுன்னா கராஜை ரெண்டாக்கிடும். அதோட, அதைக் காப்பாத்தவே கூடாதுக்கா" என்று எழுதிவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் நான் கல்நெஞ்சக்காரன் ஆகிவிட்டேன். ஒருவர் ஜீவகாருண்யம் பற்றி நாலு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்பினார். ஊரில் உள்ள அவருடைய மைத்துனர் வேறு, "உடும்பைத் தொட்டா எங்க ஊர்ல ஜெயில், அங்க கொன்னா சபாஷா?" என்று கேட்கச் சொன்னாராம். கேள்வி நல்ல கேள்விதான். குழுவில் எழுதினால் இன்னும் பத்து வாய்ஸ் நோட் வரும் என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளமாகப் போகும்.

ஊரில் இருப்பவர்களுக்காக முதலில் கொஞ்சம் விவரம். தெற்கு ப்ளோரிடாவில் வருஷத்துக்கு இரண்டு மூன்று இரவுகள் நிஜமாகவே குளிரும். வெப்பம் நாலைந்து டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் மரக்கிளையில் தூங்கும் இகுவானாவுக்குக் கைகால் மரத்துப்போகும். பிடி நழுவித் தொப்பென்று விழும். 2020 ஜனவரி 21 அன்று மயாமி வானிலை அலுவலகமே, இன்றிரவு மரத்திலிருந்து இகுவானா விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள் என்று அறிவிப்பு வெளியிட்டது. உலகமே சிரித்தது. விழுந்தவற்றில் பல சாவதில்லை. காலையில் வெயில் பட்டதும் எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி நடந்து போய்விடும். போகிற வழியில் என் வீட்டுச் செம்பருத்தியை மொட்டை அடித்துவிட்டுத்தான் போகும். பூஜைக்கு ஒரு பூ மிஞ்சாது. கால்வாய்க் கரையில் வளை தோண்டிக் கரையைச் சரிக்கும். நீச்சல்குளத்தில் அது செய்கிற காரியத்தை இங்கே எழுத வேண்டாம்.

ஆனால் செம்பருத்திக்காகவெல்லாம் ஓர் உயிரைக் கொல்லச் சொல்கிற ஆள் இல்லை நான். அப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாகவும் இருக்கும். காரணம், நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பையன். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்தவன். ராமர் தாகத்தில் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்று எங்களுக்கு ஒரு கதை சொல்லியிருந்தார்கள். அந்தக் கதை இருந்தால் போதும், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். வாயில் மூக்குப்பொடி போட்டோம். கல்லால் அடித்தோம். வேலியில் தலையாட்டிக்கொண்டிருந்ததைத் தவிர வேறு ஒரு பாவமும் அறியாத ஜந்து அது. நாங்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அந்த வேலி அதனுடையது. இன்றைக்கும் அதை நினைத்தால் கை கூசும்.

அப்படிப்பட்டவன் இகுவானாவைக் கொல்லலாம் என்று எப்படிச் சொல்கிறான்? எனக்குப் பதில் கிடைத்த இடம் ஒரு செடி.

கழற்சிக்காய் தெரியுமா? சாம்பல் நிறத்தில், கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று இருக்கும் கொட்டை. பெண்பிள்ளைகள் வைத்து விளையாடுவார்கள். நாங்கள் தரையில் பரபரவென்று தேய்த்து அடுத்தவன் தொடையில் சூடு வைப்போம். சித்த வைத்தியர்கள் மருந்துக்கு எடுப்பார்கள். முள்ளுமுள்ளாகப் படரும் அதே கழற்சி ப்ளோரிடாக் கடற்கரையிலும் இயற்கையாக வளர்கிறது. ப்ளோரிடாவின் தென்கோடியில் உள்ள கீஸ் தீவுகளில் பஹியா ஹோண்டா என்கிற பூங்காவில் முதல்முறை அதைப் பார்த்தபோது, ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி நின்றுவிட்டேன்.

அந்தச் செடியை நம்பி ஒரு பட்டாம்பூச்சி இருந்தது. மயாமி நீலம் என்று பெயர். இறக்கையை விரித்தால் ஓர் அங்குலம் வந்தால் பெரிது. கழற்சியின் துளிரில்தான் முட்டை வைக்கும். முடக்கத்தான் இனத்துக் கொடிகளும் அதற்கு ஆகும். நாம் தோசை மாவில் அரைத்துப் போடுகிறோமே, அதே குடும்பம். ஒரு காலத்தில் தெற்கு ப்ளோரிடாக் கரை நெடுக இருந்த பூச்சி. 1992இல் ஆண்ட்ரூ புயல் அடித்துப் போனபிறகு கண்ணில் படவில்லை. அழிந்தே போனது என்று நினைத்திருந்தார்கள். 1999இல் பஹியா ஹோண்டாவில் திரும்பவும் கண்டுபிடித்தார்கள். பத்து வருஷம் பொத்திப் பொத்திப் பார்த்தார்கள்.

அந்தப் பூங்காவுக்கும் இகுவானா வந்தது. அது பூச்சி தின்கிற ஜந்து இல்லை, இலை தின்கிறது. பட்டாம்பூச்சியோடு அதற்கு ஒரு பகையும் கிடையாது. கழற்சித் துளிர் அதற்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். துளிரோடு முட்டையும் புழுவும் உள்ளே போயின. 2010 ஜனவரியில் பெரிய குளிர் வந்து செடிகள் கருகின. இகுவானாக்களும் கொத்துக் கொத்தாக விழுந்து செத்தன. மிச்சமிருந்தவை பெருகிக்கொண்டன. பட்டாம்பூச்சிக்கு அப்படி மிச்சம் எதுவும் இல்லை. அந்த வருஷத்தோடு பஹியா ஹோண்டாவில் மயாமி நீலம் முடிந்தது. கீ வெஸ்ட்டுக்கு மேற்கே ஆளில்லாத சில தீவுகளில் மட்டும் தங்கிய அதை, 2012இல் அமெரிக்க அரசு அழியும் நிலையில் உள்ள உயிரினம் என்று பட்டியலிட்டது. கூண்டில் வளர்த்துத் திரும்பக் கொண்டுவிடும் வேலை இப்போது நடக்கிறது.

குளிர் பாதி, இகுவானா பாதி என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் கராஜில் துண்டு போர்த்திப் படுத்திருந்ததற்கு ஐம்பது இதயங்கள் விழுந்தன. அந்தப் பூச்சி செத்ததற்கு எத்தனை பேர் முகம் சுளித்தோம்? கண்ணுக்கு முன்னால் விழுவது பெரிதாக இருந்தால்தான் நம் கருணை விழிக்கிறது.

மைத்துனரின் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உடும்பு நம் மண்ணில் நம்மோடு பிறந்தது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கறிக்கும் எண்ணெய்க்கும் அதை அடித்துத் தீர்த்ததால் வந்த பாதுகாப்பு அது. இங்கே இருப்பது கடையில் காசு கொடுத்து வாங்கி, வளர்ந்ததும் கைவிடப்பட்டதன் வம்சம்.

பார்ப்பதற்கு நம் உடும்பு மாதிரியே இருக்கிற ஒன்றும் இங்கே உண்டு. டெகு. அர்ஜென்டினா, பிரேசில் பக்கத்துச் சரக்கு. நாலடி வரை வளரும். எனக்கு இகுவானாவைவிட இதுதான் பயம். இகுவானா குளிருக்குச் சுருளும். டெகு குளிர்காலத்தில் வளைக்குள் போய்த் தூங்கிவிட்டு பிப்ரவரி வாக்கில் எழுந்து வருகிறது. இனப்பெருக்கக் காலத்தில் தன் உடம்பைச் சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரி வரை சூடாக வைத்துக்கொள்கிறது என்று 2016இல் கண்டறிந்தார்கள். பல்லி இனத்தில் இப்படி ஒன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. பழம் தின்னும், பூச்சி தின்னும், செத்தது தின்னும். எல்லாவற்றையும்விட முட்டை என்றால் உயிர். அது முதலைக் கூட்டைத் தோண்டி முட்டை எடுத்துப்போவதைக் கேமராவில் பிடித்திருக்கிறார்கள். கோபர் ஆமை என்று ஒன்று, மணலில் நீள வளை தோண்டி வாழும். அந்த வளைகளை நம்பி 350க்கும் மேற்பட்ட உயிரினங்கள் ஒண்டிக் குடித்தனம் நடத்துகின்றன. அந்த ஆமைக் குஞ்சுகளை டெகுவின் வயிற்றுக்குள்ளேயே எடுத்திருக்கிறார்கள்.

ஹோம்ஸ்டெட் பக்கம் நண்பர் ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. கால்வாய்க் கரையில் பொறி வைக்க வருகிற ஒரு க்யூபாக்காரருடன் ஒரு மார்ச் மாதக் காலையில் நானும் போனேன். கம்பிக்கூண்டு. வெயில் படாமல் மேலே பலகை. உள்ளே இரண்டு கோழி முட்டை. பொறி வைத்தால் தினமும் போய்ப் பார்த்தே ஆக வேண்டும், மாட்டியது வெயிலில் வேகக்கூடாது என்றார். மூன்றாவது கூண்டில் ஒன்று இருந்தது. கறுப்பு வெள்ளையில் பாசிமணி கோத்த மாதிரி தோல். தாடை இரண்டு பக்கமும் பொங்கல் பானை மாதிரி உப்பியிருந்தது. ஆண் என்றார். முட்டைகளைத் தின்று முடித்திருந்தது, உதட்டோரத்தில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் சீறியது. பிறகு சீறுவதை நிறுத்திவிட்டு, பிளவு நாக்கை நீட்டி நீட்டி என் பூட்ஸின் வாசனையைப் பார்த்தது. அழகாக இருந்தது. சொல்லியே ஆக வேண்டும், ரொம்ப அழகு.

அவர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வேலையை முடித்தார். ஒரே நொடி, ஒரே இடம். கொல்லலாம், வதைக்கக் கூடாது என்பதுதான் இங்கே சட்டம். முகத்தில் வெற்றி இல்லை, வெறுப்பும் இல்லை. நாங்கள் ஓணான் அடித்தபோது எங்கள் முகத்தில் இருந்தது எதுவும் அங்கே இல்லை.

அவரிடம்தான் இந்தக் கணக்கைக் கற்றேன். பெண் டெகு வருஷத்துக்குச் சுமார் 35 முட்டை இடும். வசந்தத்தில் ஒன்றைப் பிடித்தால் கோடை முடிவில் முப்பத்தைந்தின் பின்னால் ஓட வேண்டாம். ஒரு மாநிலத்துக்கும் இதே கணக்குதான். பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் டூம்ஸ், டாட்னல் என்று இரண்டே மாவட்டங்களில் 2018இல் டெகுவைப் பார்த்தார்கள். உடனே பொறி வைக்க ஆரம்பித்தார்கள். அங்கேயும் "பாவம், நாலு பல்லிதானே" என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அந்த நாலில் நிறுத்தினால்தான் உண்டு. இங்கே பச்சை இகுவானாவை 1960களிலேயே மயாமியை ஒட்டிய ஹயாலியாவிலும் கோரல் கேபிள்ஸிலும் பார்த்திருக்கிறார்கள். இகுவானாவையும் டெகுவையும் தடைசெய்யப்பட்ட பட்டியலில் சேர்த்த விதி நடைமுறைக்கு வந்தது 2021 ஏப்ரல் 29 அன்று. நடுவில் போனது அரை நூற்றாண்டுக்கும் மேல். அத்தனை காலமும் கடையில் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். தடை வந்தபோது வியாபாரிகள் வழக்குக்கும் போனார்கள்.

தாமதத்தின் விலை என்னவென்று பார்க்க கேமன் தீவுகளுக்குப் போக வேண்டும். மயாமியிலிருந்து ஒன்றரை மணி நேர விமானம். கிராண்ட் கேமனுக்கே உரிய நீல இகுவானா 2002 கணக்கெடுப்பில் காட்டில் 10 முதல் 25தான் மிஞ்சியிருந்தது. கூண்டில் வளர்த்து வளர்த்து விட்டு, 2018இல் ஆயிரமாவதை வெளியே விட்டார்கள். அதே 2018 அக்டோபர் கடைசியில், அதே தீவில், வந்தேறிப் பச்சை இகுவானாவைத் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கமே காசு கொடுத்துக் கொல்ல ஆரம்பித்தது. பத்து லட்சத்துக்கும் மேல் கொன்றார்கள். குப்பைமேட்டில் கொட்டினார்கள். இருபதாக இருந்தபோது யாராவது ஒரு கல்நெஞ்சக்காரன் இருந்திருந்தால் இருபதோடு போயிருக்கும். பத்து லட்சம் சாவு அந்தத் தீவின் கருணையின் மேல்தான் ஏறுகிறது என்பது என் கட்சி. கோபப்படுகிறவர்கள் படட்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சிலர் என்னைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொள்வார்கள். யூடியூபில் ஏர்கன் வைத்துக்கொண்டு கால்வாயில் படகு விட்டு, ஒவ்வொன்று விழும்போதும் கூவுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது. அது ராமர் கதை சொல்லி ஓணான் அடித்த நாங்கள்தான், கையில் கொஞ்சம் பணம் கூடியிருக்கிறது. அவர்களுக்கு இகுவானா தீர்ந்துபோவதில் இஷ்டம் இருக்காது, அடுத்த வார வீடியோவுக்கு என்ன செய்வது?

அக்காவின் கராஜில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். காலை பத்து மணிக்கு முழித்துக்கொண்டது. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து, கொலு பொம்மைப் பெட்டியின் மேல் ஏறி, கதவைத் திறந்ததும் பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டது. குழுவில் அந்தப் படத்தை அவர் போடவில்லை. எனக்குத் தனியாக அனுப்பினார், ஒரு சிரிப்புடன். நல்ல மனுஷி.

என் பையனுக்கு ஆகஸ்டில் பிறந்தநாள். தாடிப் பல்லி ஒன்று வேண்டுமாம், கண்காட்சியில் பார்த்தானாம். எவ்வளவு வருஷம் உயிரோடு இருக்கும் என்று நீயே தேடிப் பார்த்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். வேண்டாமென்று ஆகிவிட்டால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் திட்டம் ஒன்றை மாநில வனவிலங்கு ஆணையம் 2006லிருந்தே நடத்துகிறது என்பதையும் சொன்னேன். "அப்போ வாங்கலாம்ல?" என்கிறான். வக்கீல் ஆவான் போல.

க்யூபாக்காரரைப் போன வாரம் திரும்பப் பார்த்தேன். கூண்டுக்கு இரண்டு முட்டை வைத்துக்கொண்டிருந்தவர், விலை ஏறினதிலிருந்து ஒன்றுதான் வைக்கிறாராம். மாட்டுவது ஒன்றும் குறையவில்லை என்றார்.