மாமனார் கையெழுத்து

பெண்கள் தொழில் தொடங்கத் தன்னம்பிக்கை வேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம் வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு. என்னிடம் வரும் பெண்களுக்குத் தன்னம்பிக்கையில் ஒரு குறையும் இல்லை. இல்லாதது, அவர்கள் பெயரில் ஒரு வீட்டு வரி ரசீது.

சாம்பார் பொடி, இட்லிப் பொடி அரைத்து விற்கும் அக்கா ஒருவர். சித்தூர், பாலக்காடு கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த வரை தொந்தரவில்லை. பொள்ளாச்சி மளிகைக்காரர் ஒருவர், மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன், பில் வேண்டும் என்றார். நமக்கெல்லாம் சந்தை என்றால் பொள்ளாச்சிதான். ஜிஎஸ்டிக்கு அது வேறு மாநிலம். கேரளத்துக்குள் சரக்கு விற்றால் வருஷம் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். கோபாலபுரம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் விற்றால் அந்த வரம்பு செல்லாது. பதிவுக்குத் தொழில் நடக்கும் இடத்தின் ஆதாரம் கேட்பார்கள். வீடு மாமனார் பெயரில். அவர் ஒரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

"நாளைக்கு வரி பாக்கின்னு வீட்டை ஜப்தி பண்ணிட்டா?" என்றார் பெரியவர். கடிதத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "பையன் பேர்ல எடுங்க, போடறேன்" என்றார். பையன் டைல்ஸ் வேலைக்குப் போகிறவர். பொடிக்கு மிளகாய் எவ்வளவு என்றுகூடத் தெரியாது. கடைசியில் பதிவு அவர் பெயரில்தான். இப்படி அவள் நடத்தி அவன் பெயரில் ஓடும் தொழில்கள் என் ஃபைல்களில் நிறைய. பெண்களுக்கும் தலித், பழங்குடியினருக்கும் என்று 2016-ல் ஸ்டேண்ட் அப் இந்தியா என்ற கடன் திட்டம் வந்தது. 2025 மார்ச் வரை இருந்த அந்தத் திட்டத்தில் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன். காகிதத்தில் முதலாளியாகவே இல்லாதவர் எந்தக் கவுண்டரில் போய் நின்றிருக்க முடியும்?

பிறந்த வீட்டில் பங்கு இருக்கிறதே என்பீர்கள். 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த திருத்தம் மகளுக்கும் சம உரிமை தந்தது, உண்மை. கல்யாணத்துக்குப் போட்ட நகையைச் சொல்லியே பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுகிறார்களே. மிஞ்சுவது அந்த நகை. யாரையும் கேட்காமல் அவள் கையெழுத்தில் மட்டும் கடன் கிடைப்பது அதற்குத்தான். அதுவும் மகளின் சடங்கு, மாமியாரின் ஆஸ்பத்திரி என்று போகும். தொழில் நஷ்டத்தில் மூடியதாக ஊர் பேசும்.

கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீயை இந்த விஷயத்தில் மெச்சத்தான் வேண்டும். 1998-லிருந்து அதன் அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கப் பெண்கள் குழுவில், ஒருத்திக்கு மற்றவர்கள் ஜாமீன். ஆம்பளை கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் பத்திருபது பேர் பங்கு போட்ட கடனில் அரவை மெஷின் வராது.

இன்னொன்று, நம் ஆட்கள் பேசவே விரும்பாதது. எங்கள் பக்கத்துக் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியின் சக்கிலியர் குடும்பங்கள் தீண்டாமை பற்றிச் சொன்ன புகார் 2017-ல் செய்தியானது. அந்தக் காலனிப் பெண் பொடி அரைத்தால் நம் தெருவில் எத்தனை வீடு வாங்கும்? அவளுக்கு மாமனாரே கையெழுத்துப் போட்டாலும் போதாது.

கேரளத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. அந்த உறுப்பினர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு பொது வேலைக்கூடம், அதில் மெஷின். வாடகைச் சீட்டைப் பெண்ணின் பெயரிலேயே போட்டுக் கொடுங்கள். காலனிப் பெண்களுக்கு முதலில் கொடுங்கள். பதிவு வேலையை நான் காசு வாங்காமல் செய்து தருகிறேன்.