அந்தச் சமோவருக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

எங்கள் டொராண்டோ புறநகரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பண்ணை வீடு. ஏர்க்கலப்பை, வெண்ணெய் கடையும் பீப்பாய், யாரோ ஒரு பாதிரியாரின் சாய்வு நாற்காலி, அவ்வளவுதான் அதன் சொத்து. சனிக்கிழமைகளில் போய் மேசை நகர்த்துவது, விளக்கச் சீட்டு ஒட்டுவது என்று எடுபிடி வேலை செய்வேன். சம்பளம் கிடையாது, டீ உண்டு. போன மார்ச்சில் ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸை ஒட்டி இரண்டு அறைகளை அக்கம்பக்கத்து ஈரானியக் குடும்பங்களிடம் மூன்று வாரத்துக்கு விட்டார்கள். ‘பாரசீகக் கலையும் பண்பாடும்’ என்று வாசலில் பேனர். அப்போதே எழுத நினைத்தேன், இப்போதுதான் நேரம் வாய்த்தது.

முதல் கூட்டத்திலேயே தகராறு. நடு அறையில் நல்ல விளக்கு போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றே ஒன்றுதான். அதில் எதை வைப்பது? குழுவில் பாதிப்பேர் சைரஸ் உருளையின் நகலை வைக்க வேண்டும் என்றார்கள். எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா தன் சமோவரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பித்தளை, நடுவில் லேசாக நசுங்கியது, நம் ஊர் டீக்கடை பாய்லருக்குப் பெரியம்மா பெண் மாதிரி இருக்கும். "அதை டீ கொடுக்கும் மூலையில் வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

உருளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அசல் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சுட்ட களிமண், இருபத்திரண்டு சென்டிமீட்டர் சொச்சம் நீளம், மக்காச்சோளக் கதிரைக் கொஞ்சம் ஊதிவிட்டதுபோல இருக்கும். 1879இல் பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்தது. கி.மு. 539இல் பாரசீகப் பேரரசர் சைரஸ் பாபிலோனைப் பிடித்த பிறகு எழுதியது. 1971இல் ஈரான் அரசு இதன் நகல் ஒன்றை ஐ.நா. சபைக்குக் கொடுத்தது. ‘உலகின் முதல் மனித உரிமைச் சாசனம்’ என்ற பட்டம் ஊரெல்லாம் பரவியதில் அதற்கும் பங்கு உண்டு. 2017இல் லாஸ் ஏஞ்சலஸில் இதை நினைவூட்டும் சுதந்திரச் சிற்பம் ஒன்றை மக்களிடம் பணம் திரட்டியே நிறுவினார்கள். அதை வடிவமைத்த செசில் பால்மண்ட் இலங்கையில் பிறந்தவர்.

ஆனால் உருளையில் இருக்கும் வாசகம் அந்தப் பட்டத்தைத் தாங்காது. பாபிலோனின் தெய்வமான மர்துக் தன்னைத் தேர்ந்தெடுத்ததாக சைரஸ் சொல்லிக்கொள்கிறார். பழைய கோயில்களுக்கு அவற்றின் சிலைகளைத் திருப்பி அனுப்பினேன், மக்களை அவரவர் ஊருக்குச் சேர்த்தேன், மதிலைச் செப்பனிட்டேன் என்கிறார். நல்ல அரசனின் மெய்க்கீர்த்திதான், அங்கே அவருக்கு முன்னால் ஆண்டவர்களும் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அடிமை முறையை ஒழித்தார், குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தார் என்றெல்லாம் இணையத்தில் உலவும் ‘மொழிபெயர்ப்பு’ அதில் இல்லவே இல்லை. எங்கள் குழு தயாரித்த விளக்கச் சீட்டில் அது அப்படியே இருந்தது. நான் வாயைத் திறந்தேன், ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "உங்களுக்கு என்ன தெரியும் எங்கள் சரித்திரம்?" நியாயமான கேள்விதான். தெரியாது. ஆனால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் காலையில் வரும் ‘தமிழன் அன்றே கண்டுபிடித்தான்’ வகையறாவைப் படித்துப் படித்து இந்த வாசனை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

புலம்பெயர்ந்தவன் அரசனைத் தேடுவது ஏன் என்று எனக்குப் புரிகிறது. வந்த நாட்டில் தொலைக்காட்சியைப் போட்டால் உன் ஊர் என்றாலே குண்டு, தடை, கலவரம். 1935இல் மன்னர் ரேஸா ஷா வெளிநாட்டு அரசுகளிடம் தங்கள் நாட்டைப் பாரசீகம் என்று சொல்லாமல் ஈரான் என்றே அழையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 1979 புரட்சிக்குப் பிறகு வெளியேறியவர்களில் நிறையப் பேர் ‘நான் பாரசீகன்’ என்று மறுபடி பழைய பெயருக்குப் போனார்கள். ஈரான் என்றால் செய்தி, பாரசீகம் என்றால் கம்பளமும் கவிதையும் பூனையும். வாசல் பேனரில்கூட ஈரான் என்ற சொல் இல்லை, கவனித்தீர்களா? அந்த நாட்டில் அஸெரிகளும் குர்துகளும் பலூச்சிகளும் கஷ்காய்களும் இருக்கிறார்கள், பாரசீகம் என்ற ஒரு சொல்லில் அவர்களில் பலர் காணாமல் போகிறார்கள் என்பது தனிக் கதை.

கம்பளத்தை வைத்துச் சொன்னால் இன்னும் தெளிவாகும். லண்டன் வி அண்ட் ஏ அருங்காட்சியகத்தில் அர்தபீல் கம்பளத்தைப் பார்த்திருக்கிறேன். 1539–40இல் முடித்தது, பத்து மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய ஐந்து மீட்டர் அகலம். சாயம் வெளுக்காமல் இருக்க இருட்டில் வைத்திருப்பார்கள். நான் போனபோது அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் விளக்கு போட்டார்கள். ஓரத்தில் மக்ஸூத் காஷானி என்று ஒரு பெயர் இருக்கிறது. அவ்வளவு பெரிய கம்பளத்தை ஒருவர் முடிச்சுப் போட்டிருக்க முடியாது, முடிச்சுப் போட்ட கைகளுக்கு அதில் பெயர் இல்லை. எங்கள் கண்காட்சிக்கு ஒருவர் பாட்டி வீட்டிலிருந்து வந்த, ஆடு மேய்க்கும் நாடோடிகளான கஷ்காய்களின் விரிப்பைக் கொண்டுவந்தார். கதவு அகலம்தான். அதைத் தரையில் புரட்டிப்போட்டு முதுகைக் காட்டினார். சிவப்பு பாதிவரை ஒரு மாதிரி, அதற்கு மேல் ஒரு சாயல் இளைத்த சிவப்பு. அதற்கு அப்ரஷ் என்று பெயராம். ஒரு முறை காய்ச்சிய சாயம் தீர்ந்து மறுமுறை காய்ச்சும்போது நிறம் அச்சாக அதேபோல வராது. "இந்த இடத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போயிருப்பாள், அங்கே தண்ணீர் வேறு" என்றார். அது அவருடைய ஊகம்தான். ஆனாலும் அர்தபீல் முன்னால் பத்து நிமிடம் நின்றும் எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் கை, அந்தக் கோட்டில் தெரிந்தது.

இதனால்தான் சொல்கிறேன், சின்ன ஊர்க் கண்காட்சிகள் பெரிய மியூசியத்தின் ஏழைத் தம்பியாக நடிக்கக் கூடாது. இதே டொராண்டோவில் ஆகா கான் அருங்காட்சியகம் இருக்கிறது. மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காக வரைந்த ஷாநாமா என்ற பாரசீக அரசர் காவியப் பிரதியின் கயூமர்ஸ் அரசவை ஓவியமே அங்கே இருக்கிறது. அந்த நூலில் மொத்தம் 258 ஓவியங்கள். ஓர் அமெரிக்கச் செல்வந்தர் வாங்கிப் பக்கம் பக்கமாகப் பிரித்துவிட்டார். மிஞ்சிய 118 ஓவியங்களை 1994இல் டி கூனிங் என்ற நவீன ஓவியர் வரைந்த ஒரு பெண் ஓவியத்தைக் கொடுத்து ஈரான் மாற்றிக்கொண்டது. அந்தத் தரத்தில் நாம் எதைக் காட்ட முடியும்? பிசினில் வார்த்த நகலையா? எங்கள் கண்காட்சியில் இருந்தது வேறு. ஓய்வுபெற்ற டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு, ஷாநாமாவில் வீரன் ருஸ்தம் தன் மகன் என்று தெரியாமலேயே சோராபைக் குத்தும் இடத்தை நக்காலி பாணியில் சொன்னார். இந்தக் கதைசொல்லும் கலையை உடனே பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் யுனெஸ்கோ 2011இல் சேர்த்திருக்கிறது. ஃபார்ஸி, அதாவது பாரசீக மொழி, தெரியாத எனக்கே தொண்டை அடைத்தது. நடுவில் ‘தர்பார்’ என்று ஒரு சொல் காதில் விழுந்தது, அது மட்டும் புரிந்தது. அதுவும் சால்வையும் பந்தோபஸ்தும் அவர்கள் மொழியிலிருந்து நமக்கு வந்தவை.

சரி, சமோவர். கடைசியில் சமரசம் ஆனது: உருளை பக்கத்து மேசைக்கு, ‘உரிமைச் சாசனம்’ என்பதற்குப் பதில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்பதன் சுருக்கத்தோடு. கண்ணாடிப் பெட்டி சமோவருக்கு. குழு எழுதியது ‘சமோவர், பித்தளை, 20ஆம் நூற்றாண்டு’. அந்த அம்மா அதை அடித்துவிட்டுத் தானே எழுதினார்: ‘1986, போர்க்காலம். துருக்கி வழியாக வந்தோம். இரண்டு பெட்டிதான் அனுமதி. என் கணவர் தன் புத்தகங்களை எடுத்துவிட்டு இதை வைத்தார். குழாய் ஒழுகும். எப்போதுமே ஒழுகும்.’ மூன்று வாரமும் ஜனம் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். கடைசி வரிக்குச் சிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படிப்பார்கள்.

இன்னொரு சண்டை ஹஃப்த்சீன் என்ற புத்தாண்டு மேசையில். ஃபார்ஸியில் ஸ எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள்கள்: ஆப்பிள், பூண்டு, வினிகர், சுமாக், கோதுமைக் களி, செஞ்சத் பழம், முளைவிட்ட பயிர். அருங்காட்சியக விதிப்படி உள்ளே உணவோ செடியோ கூடாது, பூச்சி வரும். பிளாஸ்டிக்கில் வையுங்கள் என்றார்கள். "பிளாஸ்டிக் பூண்டை வைத்தால் வருஷம் எப்படிப் பிறக்கும்?" என்றார் அந்த அம்மா. விதியில் தவறில்லை, அம்மாவிடமும் தவறில்லை. வெளித் தாழ்வாரத்தில் மேசை போட்டோம். குளிரில் விறைத்துக்கொண்டே எல்லோரும் அங்கேதான் நின்றார்கள்.

பதின்மூன்றாம் நாள் கண்காட்சி முடிந்தது. அன்றைக்கு முளைப்பயிரை ஓடுகிற தண்ணீரில் விடுவது அவர்கள் வழக்கம். எனக்கு முளைப்பாரி ஞாபகம் வந்தது, சொன்னேன், படமும் காட்டினேன். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "தலையில் தூக்கிக்கொண்டா?" என்று ஆச்சரியப்பட்டார். பின்பக்க ஓடையில் கரையோரம் இன்னும் பனிக்கட்டி இருந்தது. விடுவதற்கு முன் முளைப்பயிரில் இரண்டு இழையை எடுத்து முடிச்சுப் போட வேண்டும், வேண்டுதலாம். என் கையில் கையுறை, முடிச்சு விழவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் தட்டைத் தண்ணீரில் சாய்த்துவிட்டார்.