ஒரு நேரத்தில் ஒரு மந்திரம், அவ்வளவுதான்

ஞாயிற்றுக்கிழமை நம்ம டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் டேபிளில் (பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு) நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் விசாரிக்க வேண்டாம். மந்திரவாதியான விசார்ட், வேகம் கூட்டும் ஹேஸ்ட்டையும் பறக்க வைக்கும் ஃப்ளையையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளலாமாம், ஆட்டத்தை நடத்தும் டி.எம். தீர்ப்பு. "ஜாலிக்குத்தானே விளையாடுறோம்." முடிந்தது, விதிக்குச் சங்கு.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 பதிப்பில் எனக்குப் பிடித்த விதியே கான்சென்ட்ரேஷன்தான்: சில மந்திரங்கள், போட்டவன் கவனம் வைத்திருக்கும்வரைதான் நீடிக்கும். ஒரு நேரத்தில் ஒன்று. அடுத்ததைப் பிடித்தால் முந்தையது போச்சு. அடி விழுந்தால் கான்ஸ்டிட்யூஷன் சேவ், அதாவது உடல் உறுதிக்கான பகடை; எட்ட வேண்டியது 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அது. தோற்றால் பறப்பவன் விழுவான். ஹேஸ்ட் அறுந்தால், அதை வாங்கியவனுக்கு ஒரு சுற்று கைகால் ஓடாது. அந்த ஆபத்து இருப்பதால்தான் எதிரி வில்லாளி விசார்டைக் குறிவைக்கிறான். நானும் கேடயத்தோடு நடுவில் போய் நிற்கிறேன். இல்லாவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை?

3.5 என்ற பழைய பதிப்பின் காலத்தில் ஆடியவர்களுக்கு இது புரியும். ஹாஸ்டலில் எங்கள் கிளெரிக் (பூசாரி) கதவைத் திறக்கும் முன்பே டிவைன் ஃபேவர், டிவைன் பவர், ரைட்டியஸ் மைட் என்று பலம் கூட்டும் மந்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொள்வான். ஃபைட்டரான நான் காத்திருப்பேன். உள்ளே போனால் அவன் என்னைவிட உயரம், என்னைவிட பலம், தாக்குதலும் எனக்குச் சமம். போதாக்குறைக்குக் காயத்தையும் அவனே ஆற்றிக்கொள்வான். நான் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி நிற்பேன்.

"அப்போ ரேஞ்சர் பாவம் இல்லையா? ஹன்டர்ஸ் மார்க்குக்கே கான்சென்ட்ரேஷன் போய்விடுகிறதே?" பாவம்தான், அந்த வேட்டைக்கார வீரனின் முக்கிய மந்திரமே ஹன்டர்ஸ் மார்க். அதற்கு அந்த ஒரு மந்திரத்தைத் திருத்துங்கள். 2024 பதிப்பில் மேஜிக் வெப்பன், பார்க்ஸ்கின் இரண்டு மந்திரங்களுக்கும் கான்சென்ட்ரேஷனை எடுத்துவிட்டு, ஸ்பிரிச்சுவல் வெப்பனுக்குப் புதிதாக வைக்கவில்லையா? ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்தார்கள். விதியையே தூக்கிக் குப்பையில் போடவில்லை.

"ஷேடோரன்ல எத்தனை வேணா பிடிக்கலாமே" என்று வேறொரு விளையாட்டை இழுத்தார் ஒரு மேதை. பிடிக்கலாம் சார், பிடித்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு டைஸ் குறையும். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் சுற்றுக்கு மூன்று ஆக்‌ஷன், ஒரு மந்திரத்தைத் தொடர அதில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். விலை இருக்கிறது. நம்ம டேபிளில் என்ன விலை? ஒன்றுமில்லை. ஒரு நேரத்தில் ஒன்று என்பது அவ்வளவு கஷ்டமா?

"உனக்கென்ன, வெட்டுற வேலைதானே" என்றதுதான் இன்னும் உறுத்துகிறது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள், தெரியும். என் முறை வந்தால் டி20 (இருபது முகப் பகடை) உருளும், "பட்டுச்சு, அடுத்து யாரு?" விசார்ட் முறை வந்தால் மொத்தக் கூட்டமும் புத்தகம் புரட்டும், நான் போட்டுக் கொடுத்த டீ ஆறிப்போகும். ஆமாம், டீ நான்தான் போடுகிறேன். வீடும் என் வீடுதான். அதை யாரும் சொல்லிக்காட்டச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன்.

சரி, டி.எம். அவர்களே, எதிரிப் பக்கத்து மந்திரவாதிக்கும் இதே சலுகை உண்டுதானே? வரும் ஞாயிறு ஆளை உறைய வைக்கும் ஹோல்ட் பர்சனையும் நெருப்புச் சுவர் எழுப்பும் வால் ஆஃப் ஃபயரையும் அவன் சேர்த்துப் பிடிக்கட்டும். முதல் குறி விசார்டாகவே இருக்கட்டும். வெட்டுற வேலைக்காரன் ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன்.