மார்க்க அப்புறம் சொல்லலாமே

டெஸ்ட் பேப்பர் குடுக்கற அன்னைக்கு கிளாஸ்ல கவனிச்சு பாருங்க. கைக்கு வந்ததும் மேல இருக்கற மார்க்க பாப்பாங்க, அடுத்து பக்கத்துல இருக்கறவன் மார்க், அப்புறம் டோட்டல் சரியா கூட்டிருக்கான்னு ஒரு தடவ, அவ்ளோதான் பேப்பர் மடிஞ்சு பைக்குள்ள போயிடும். ராத்திரி உக்காந்து செவப்பு பேனால நாம எழுதினத ஒருத்தரும் படிக்கறதில்ல.

ஏழாவதுக்கு கணக்கு எடுக்கறேன். ஒரு பையன் 1/2 + 1/3 = 2/5ன்னு போட்டிருந்தான். முன்னாடியெல்லாம் தப்புன்னு சுழிச்சுட்டு "கவனம் தேவை"ன்னு எழுதிடுவேன். ஆனா அவன் கவனமாத்தாங்க போட்டிருக்கான், தொகுதிய தொகுதியோட, பகுதிய பகுதியோட கூட்டிருக்கான், அவன் கண்ணுக்கு அதுல தப்பே இல்ல. "கவனம் தேவை"ய வச்சுகிட்டு அவன் என்ன பண்ணுவான்? இந்த தடவ "பாதி தோசையோட இன்னும் கொஞ்சம் சேத்தா பாதிய விட கூடுமா குறையுமா? 2/5 பாதிய விட பெருசா?"ன்னு மட்டும் எழுதினேன். மார்க் போடல, என் நோட்டுல குறிச்சுகிட்டேன். கொஞ்ச நேரம் பேப்பரயே பாத்துட்டு இருந்தவன் அவனா அடிச்சுட்டு மறுபடி போட்டான்.

இது நான் கண்டுபிடிச்சதில்ல. ரூத் பட்லர்ங்கறவங்க இஸ்ரேல்ல அஞ்சாவது ஆறாவது பசங்கள வச்சு செஞ்ச ஆய்வு 1988லயே வந்திருக்கு. சில பேருக்கு மார்க் மட்டும், சில பேருக்கு கருத்து மட்டும், சில பேருக்கு ரெண்டும். கருத்து மட்டும் வாங்கினவங்கதான் அடுத்த தடவ நல்லா செஞ்சாங்க, ரெண்டும் வாங்கினவங்க கிட்டத்தட்ட மார்க் மட்டும் வாங்கினவங்க மாதிரிதான். மார்க் கண்ணுல பட்டாலே பக்கத்துல இருக்கற எழுத்து மறைஞ்சு போகுது.

நம்ம தமிழ்நாட்டுலயும் 2012-13ல எட்டாவது வரைக்கும் வளரறி மதிப்பீடு, அதாவது பாடம் நடக்கறப்பவே பாக்கறதுக்கு 40 மார்க், தொகுத்தறி, அதாவது பருவ முடிவு பரீட்சைக்கு 60ன்னு கொண்டு வந்தாங்க. அந்த 40 மார்க், புள்ள எங்க நிக்குதுன்னு பாத்து கை குடுக்கறதுக்குத்தான், நாம அதயும் ரெஜிஸ்டர்ல ஏத்தற நம்பரா ஆக்கிட்டோம்னு எனக்கு ரொம்ப வருத்தம்.

நாப்பது பேருக்கும் எப்படி டீச்சர் எழுதறதுன்னு கேப்பீங்க. எழுத வேணாம். ஒரே மாதிரி தப்பு பண்ணின பேப்பர தனித்தனி கட்டா பிரிச்சா பெரும்பாலும் மூணு நாலு கட்டுக்குள்ள வந்துடும், கட்டுக்கு ஒரு கேள்விய போர்டுல எழுதினா போதும். ஆனா திருத்தறதுக்கு அந்த பீரியட்லயே பதினஞ்சு நிமிஷம் குடுத்துடணும், வீட்டுக்கு அனுப்பினா திரும்பி வராது. "வெரி குட்"டும் அப்படித்தான், எது நல்லா இருந்துச்சுன்னு சொல்லலன்னா அந்த புள்ளைக்கு அதுல ஒண்ணும் கெடைக்காது.

பெற்றோர் கூட்டத்துல ஒரு அம்மா "மார்க் எங்க டீச்சர்?"னு கொஞ்சம் கோவமாத்தான் கேட்டாங்க. பேப்பர பிரிச்சு, இங்கதான் சிக்கியிருந்தான், கீழ பாருங்க அவனே சரி பண்ணியிருக்கான்னு காட்டினேன். ரெண்டயும் மாத்தி மாத்தி பாத்துட்டு கேட்டாங்க, "வகுத்தலுக்கும் இந்த மாதிரி எழுதி குடுப்பீங்களா டீச்சர்?"