பி.இ.2 விமானத்தை வரைந்தவர்கள் முட்டாள்கள் அல்லர்

முதல் உலகப் போரில் பறந்த பி.இ.2 என்ற பிரிட்டிஷ் விமானத்தைக் கேலி செய்யும் ஒரு காணொளியின் கீழே முந்தாநாள் இரவு நடந்த கூத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. பன்னிரண்டு நிமிடக் காணொளியில் பதினொரு நிமிடம் சிரிப்பு, மிச்சம் வரலாறு. 'உலகத்திலேயே மட்டமான போர் விமானம்' என்று பி.இ.2-க்குப் பட்டம் சூட்டியதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அதை வரைந்தவர்களை முட்டாள்கள் என்று சொன்னபோதுதான் நான்கு வரி பின்னூட்டம் எழுதினேன். காணொளி போட்டவர்கள் அதை நீக்கிவிட்டு, 'தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது' என்று தனியே ஒரு பதிவும் போட்டிருக்கிறார்கள். கோபம் வந்தது உண்மைதான். தாத்தா ஆகச் சில வருடங்கள் இருக்கின்றன.

ஒரு பொருளை எந்த வேலைக்காகச் செய்தார்கள் என்று கேட்காமல் அதை மட்டம் என்று சொல்லக்கூடாது. நான் சொன்னது இவ்வளவுதான். 1911-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வானத்தில் சண்டை போட விமானம் தேவைப்படவில்லை. எதிரி எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டு வந்து சொல்ல ஒரு கண் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த ராணுவ விமானத் தொழிற்சாலைக்கு அப்போது புது விமானம் கட்டவே அதிகாரம் கிடையாது, பழுது பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் மெர்வின் ஓகார்மனின் பொறுப்பில் இருந்த அந்த இடத்தில், வடிவமைப்பாளர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட், வுவாசின் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய விமானம் ஒன்றைப் 'பழுது பார்த்தார்'. பழுது பார்த்து முடித்தபோது அதில் மிஞ்சியது எஞ்சினும் ரேடியேட்டரும்தான்! நம்பர் பிளேட்டை மட்டும் வைத்துக்கொண்டு புது வண்டி கட்டிய கதை. அதுதான் பி.இ.1, 1911 டிசம்பரில் பறந்தது. காற்றால் குளிரும் ரெனோ எஞ்சினைப் பொருத்திய அதன் தம்பி பி.இ.2, 1912 பிப்ரவரியில் பறந்தது. அந்த ஆகஸ்டில் சாலிஸ்பரி சமவெளியில் ராணுவம் நடத்திய விமானப் போட்டியில், ஓகார்மன் நடுவர்களில் ஒருவராக இருந்ததால், பி.இ.2 போட்டிக்கு வெளியே நின்று பறந்து காட்டியது. அதே மாதம் டி ஹாவிலண்ட் மேஜர் சைக்ஸை ஏற்றிக்கொண்டு 10,560 அடி உயரம் போனார். முட்டாள்களின் விமானம்!

அடுத்து அதே தொழிற்சாலையில் வந்த பொறியாளர் எட்வர்ட் பஸ்க், விமானத்தைத் தானாகவே நிலைநிற்க வைப்பது எப்படி என்று கணக்குப் போட்டார். மேல் இறக்கையைக் கீழ் இறக்கைக்குச் சற்று முன்னால் தள்ளி, இறக்கைகளின் நுனியை மேல்நோக்கி உயர்த்தி, வாலில் நிமிர்ந்த துடுப்பு ஒன்றை வைத்து, கம்பியால் இறக்கையையே முறுக்கித் திருப்பும் பழைய முறையை விட்டுவிட்டு அசையும் மடிப்புகளைப் பொருத்தினார்கள். அப்படி உருவான பி.இ.2சி காற்றில் சாய்ந்தால் தானே நிமிரும். 1914 ஜூனில் பிராங்கர் என்ற அதிகாரி, விமானம் ஓட்டுவதில் சுமாரானவர்தான், ஃபார்ன்பரோவிலிருந்து நெதராவனுக்குப் போகும் வழியில் பெரும்பகுதி நேரம் கையை எடுத்துவிட்டு, கீழே கண்டதையெல்லாம் குறிப்பாக எழுதிக்கொண்டே போனார். வேவு பார்ப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தப் பஸ்க், அதே நவம்பரில், தன்னுடைய விமானம் வானத்திலேயே தீப்பற்றி இறந்தார். காணொளியில் இவர் பெயர்கூட வரவில்லை.

1915-இல் ஃபோக்கர் என்ற ஜெர்மானியப் போர் விமானம் வந்தது. சுழலும் விசிறியின் ஊடாகக் குண்டு பாயும் துப்பாக்கி அதில் இருந்தது. பி.இ.2சி மணிக்கு 115 கிலோமீட்டர் போனால் பெரிய காரியம். தானே நிமிரும் குணம் இருப்பதால் சட்டென்று திரும்பித் தப்பிக்கவும் மனம் வராது. வேவு பார்க்க உடன் வரும் கண்காணிப்பாளருக்கு முன் இருக்கை. தலைக்கு மேலே இறக்கை, இரண்டு பக்கமும் தூண்களும் கம்பிகளும், முன்னால் விசிறி, பின்னால் விமானி. லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியை ஒரு தாங்கியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டித்தான் சுட வேண்டும். 'பார்த்தீர்களா, முட்டாள்தனம்!' என்று காணொளி சிரிப்பது இந்த இடத்தில்தான். ஐயா, அந்த இருக்கை சுடுவதற்காக வைத்தது அல்ல. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் எடைச் சமநிலை கெடக்கூடாது என்று விமானத்தின் நடுமையத்தை ஒட்டி வைத்தது.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்கிறீர்கள். கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வரைபடப் பிரிவில் இருந்தபோது, வார்ப்புகளை நகர்த்த ஒரு தள்ளுவண்டி வரைந்தேன். சமதளத் தரை, 250 கிலோ. இரண்டையும் வரைபடத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு புதுக் கிடங்குக்குச் சரிவுப் பாதை போட்டு, அதில் 600 கிலோ ஏற்றினார்கள். முன்சக்கரத்தின் வெல்டிங் விட்டு, ஒருவரின் கால் விரல் நசுங்கியது. கூட்டத்தில் என் வரைபடத்தை மேசைமேல் விரித்து, 'இதை வரைந்தது யார்?' என்றார்கள். ஏற்றச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சிவப்பு மை இருந்த ஓரம் மடிந்து கீழே கிடந்தது. காலில் கட்டோடு இருந்தவரைப் பார்க்கப் போனபோது அவர்தான் சொன்னார்: "வண்டி மேல தப்பில்லீங்க தம்பி, லோடுதான் சாஸ்தி."

'தள்ளுவண்டியும் போர் விமானமும் ஒன்றா?' என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. 'வெள்ளைக்காரனின் விமானத்துக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?' இதற்குப் பதில் சொல்ல மாட்டேன். 'இளைஞர்கள் செத்தார்களே' என்பது மட்டும்தான் மதிக்கத்தக்க கேள்வி. செத்தார்கள். 1917 ஏப்ரலில்கூட, காலாவதியான அந்த விமானத்தைப் பிரான்சில் போர்முனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு மாதத்தில் பிரிட்டிஷார் இழந்த ஏறக்குறைய 245 விமானங்களில் பி.இ. வகை பல. மாற்று விமானம் வரத் தாமதம், எஞ்சின் பஞ்சம் என்று காரணங்கள் உண்டு. ஆனால் 1912-இல் வரைபலகை முன் நின்றவரா 1917-இல் அனுப்பி வைத்தார்? 1916-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பெம்பர்ட்டன் பில்லிங் என்ற உறுப்பினர் எழுந்து, விமானிகள் கொல்லப்படவில்லை, கொலை செய்யப்பட்டார்கள் என்று முழங்கினார், விசாரணை நடந்தது, அந்த ஆண்டே ஓகார்மன் பதவியை விட்டுப் போனார். அனுப்பி வைத்தவர்களில் எத்தனை பேர் போனார்கள்?

இன்னொன்றையும் அந்தக் காணொளி சொல்லவில்லை. 1916 செப்டம்பர் தொடக்கத்தில், நள்ளிரவு தாண்டி, லீஃப் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் விமானி இங்கிலாந்தின் கஃப்லி கிராமத்துக்கு மேலே ஜெர்மானிய வான்கப்பல் ஒன்றைச் சுட்டு எரித்தது ஒரு பி.இ.2சி-யில் இருந்துதான். இருட்டில், ஆடாமல், நிதானமாகப் பறக்கும் விமானம் அங்கே தேவைப்பட்டது. அதே குணம்தான் பிரான்சில் பகலில் அதைக் கொன்றது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அரை நிமிடத்துக்கு யாரும் சிரிக்க மாட்டார்களே.

நீக்கப்பட்ட என் பின்னூட்டத்தின் திரைநகலைக் கீழே முதல் பின்னூட்டமாக வைத்திருக்கிறேன். நான்கு வரிதான். அதில் யாரை வைதிருக்கிறேன் என்று தேடிச் சொல்லுங்கள்; பதிவையே எடுத்துவிடுகிறேன்.