போஹாங் சொல்லும் பாடம் வேறு

"தென் கொரியாவின் போஹாங்கோடு புவிவெப்ப ஆற்றலின் கதை முடிந்தது; அந்த ஆராய்ச்சிக்குப் போகும் மாணவருக்கு எதிர்காலம் இல்லை" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு மாணவரின் வழியை மறித்துவிடக்கூடியது என்பதால் எழுதுகிறேன்.

2017 நவம்பர் 15 அன்று போஹாங்கை 5.4 அளவு நிலநடுக்கம் உலுக்கியது உண்மை. மனிதச் செயலே அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த ஆய்வுக் குழு 2019 மார்ச்சில் அறிவித்ததும் உண்மை. ஆனால் குற்றவாளி பூமியின் வெப்பம் அல்ல. ஆழத்திலுள்ள சூடான பாறையிலிருந்து மின்சாரம் எடுக்கும் புவிவெப்பத் திட்டத்துக்காக, அங்கே நான்கு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், முன்பு அறியப்படாத ஒரு பிளவுக்குள் உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்தினார்கள். பிளவின் இரு முகங்களையும் உராய்வுதான் பிடித்து வைத்திருக்கிறது. இடையில் புகும் நீரின் அழுத்தம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. ஏற்கெனவே இறுகி நிற்கும் பாறைக்கு அந்தச் சிறு தளர்வே போதும்.

முன்னறிகுறிகளும் இருந்தன. துளையிடும்போதே, அதற்காகத் துளைக்குள் செலுத்தும் சேற்றுக் கரைசல் பெருமளவில் பாறைக்குள் ஓடி மறைந்தது; அங்கே பிளவு இருப்பதன் அடையாளம் அது. அதே ஆண்டு ஏப்ரலில், நீர் செலுத்திய சில நாட்களிலேயே 3க்கு மேற்பட்ட அளவில் ஒரு நடுக்கம். அதைப் படித்துச் சொல்லி, பணியை நிறுத்த வைக்கும் ஆள்தான் அங்கே இல்லாமல் போனார். அந்த ஆளாக வருவதற்குத்தான் இந்தப் படிப்பு.

ஐஸ்லாந்தில் இயற்கையான வெந்நீரே வீடுகளைச் சூடாக்குகிறது. அமெரிக்காவின் யூட்டாவில் போஹாங்குக்குப் பிறகும் சூடான கருங்கல் பாறையில், நுண்ணதிர்வுகளைக் கண்காணித்தபடியே, அரசு நிதியில் இதே ஆராய்ச்சி நடக்கிறது. நீரியலும் நிலநடுக்கவியலும் சேர்ந்து கற்ற மாணவருக்கு அங்கே வேலை இருக்கிறது.